பந்தயத்துக்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள்

மக்காவ் நகரின் நாய்ப் பந்தயத் திடல் 2018 ஜூலையில் மூடப்பட்டபோது உள்ளே 500க்கும் அதிகமான கிரேஹவுண்ட் நாய்கள் இருந்தன. நடத்திய நிறுவனம் அவற்றுக்கு ஒரு வழியும் செய்யாமல் விலகிக்கொண்டது. வேறு வழியின்றி அரசாங்கம் நாய்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. அனிமா என்ற உள்ளூர் விலங்குநல அமைப்பு பல நாட்டுக் குழுக்களோடு சேர்ந்து இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா என்று வீடு தேடியது. ஒவ்வொரு நாய்க்கும் மருத்துவச் சோதனை, தடுப்பூசி, கருத்தடை, விமானக் கூண்டு, போய் இறங்கும் ஊரில் அழைத்துக்கொள்ள ஓர் ஆள் என அத்தனையும் தேவைப்பட்டன. 2019இன் தொடக்க மாதங்களில் கடைசி நாய்களும் கிளம்பின. இதை நல்ல முடிவு என்று கொண்டாடினார்கள்; நல்ல முடிவுதான். ஆனால் இந்தக் கணக்கைத் தீர்த்தவர்கள் யார் என்று பார்த்தால், அந்தப் பந்தயத்தில் ஒரு காசும் வைக்காதவர்கள்.

கிரேஹவுண்ட் ஒன்றரை வயது வாக்கில் ஓடத் தொடங்கும். நன்றாக ஓடினால் நான்கு வயதுவரை, மிஞ்சிப்போனால் ஐந்து. ஓட்டம் போதவில்லை என்றால் இரண்டு வயதிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு என்று ஒன்று இருந்தால். நல்ல பராமரிப்பில் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு வாழும் இனம் இது. ஆக, பந்தயம் முடிந்தபின் எட்டு ஒன்பது ஆண்டு மிச்சமிருக்கிறது. அந்த ஆண்டுகள் யார் பொறுப்பு? தத்தெடுப்பும், ஃபாஸ்டர் என்று புழங்கும் இடைக்கால வளர்ப்பும் இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் வந்தன. விடை முழுமையானதா என்பதை, பந்தயம் நடக்கும் நாடுகளின் அனுபவத்தை வைத்தே பார்க்க வேண்டும்.

கிரேஹவுண்டின் பந்தயம் நாம் நினைக்கும் அளவுக்குப் பழையதல்ல. முயலின் பின்னால் நாயை ஏவும் வேட்டை விளையாட்டு மிகப் பழையது. வட்டத் திடலில் பொய் முயலைத் துரத்தவிட்டுச் சூதாடும் வணிகம் நூறாண்டுச் சமாச்சாரம். ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்ற அமெரிக்கர் இயந்திர முயலைச் செம்மைப்படுத்தி, கலிஃபோர்னியாவின் எமரிவில் ஊரில் 1919இல் திடல் திறந்தார். 1926 ஜூலையில் மான்செஸ்டரின் பெல் வ்யூ திடலில் பிரிட்டனின் முதல் இயந்திர முயல் பந்தயம் நடந்தது. மூன்றாண்டுக்குள் மிக் த மில்லர் என்ற அயர்லாந்து நாய் நாட்டின் செல்லமாகிவிட்டது. 1929, 1930 என இரண்டு முறை கிரேஹவுண்ட் டெர்பி பந்தயத்தை வென்றது. இறந்தபின் அதன் உடலைப் பதப்படுத்தி வைத்தார்கள். ட்ரிங் ஊரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அது இன்றும் நிற்கிறது.

வென்ற நாய்க்கு அருங்காட்சியகம். தோற்றவை எங்கே போயின என்பதை நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை. 2006இல் ஓர் ஆங்கில ஞாயிறு இதழ், இங்கிலாந்தின் டர்ரம் மாவட்டத்திலுள்ள சீயம் என்ற ஊரில் கட்டுமானப் பொருள் வியாபாரி ஒருவர் பயிற்சியாளர்களிடம் கூலி வாங்கிக்கொண்டு நாய்களைக் கொன்று தன் நிலத்தில் புதைத்துவந்ததை வெளியிட்டது. பதினைந்து ஆண்டில் 10,000 நாய்கள் என்பது அந்த இதழின் மதிப்பீடு. அவர் தண்டிக்கப்பட்டதோ உரிமமின்றிக் கழிவு புதைத்த குற்றத்துக்காக. நாயைக் கொன்றது சட்டத்தின் கண்ணில் குற்றமாகவே படவில்லை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இதைவிடப் பெரிய கணக்கு வெளிவந்தது. உயிருள்ள முயல், பன்றிக்குட்டி, பொசம் ஆகியவற்றைக் கட்டிவைத்து நாய்களுக்குப் பயிற்சி தருவதை 2015இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அம்பலப்படுத்தியது. அதையொட்டி முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி மைக்கேல் மக்ஹியூ விசாரித்து, பன்னிரண்டு ஆண்டில் 48,891க்கும் 68,448க்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் நாய்கள் வேகம் போதவில்லை என்ற காரணத்துக்காகக் கொல்லப்பட்டிருக்கலாம் என்று எழுதினார். 2016 ஜூலையில் மாநில முதல்வர் மைக் பெயர்ட் பந்தயத்துக்குத் தடை அறிவித்தார். அக்டோபரில் அவரே அதைத் திரும்பப் பெற்றார். நகரத்தில் கைதட்டல் வாங்கிய முடிவு, கிராமப்புறத் தொகுதிகளில் வாக்கைப் பறிக்கும் என்று தெரிந்துவிட்டது.

தத்தெடுப்பு இயக்கம் இந்த அம்பலங்களுக்கு முன்பே தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட்களுக்கான அறக்கட்டளை 1975இல் வந்தது. அமெரிக்காவில் 1980களில் சிறுசிறு குழுக்கள் முளைத்தன. 1989 டிசம்பரில் ஒளிபரப்பான சிம்ப்ஸன்ஸ் தொடரின் முதல் முழு நிகழ்ச்சியில், தோற்றதற்காகத் துரத்தப்பட்ட ஒரு பந்தய நாயைத்தான் அந்தக் குடும்பம் கிறிஸ்துமஸ் இரவில் வீட்டுக்குக் கூட்டிவருகிறது. ஆயிரம் துண்டறிக்கை செய்யாத வேலையை ஒரு கேலிச்சித்திர நாய் செய்தது என்றே நினைக்கிறேன். கிரேஹவுண்ட் என்பது வாய்க்கூடு மாட்டிய வெறிநாய் அல்ல, சோபாவில் படுத்துத் தூங்கும் பிராணி என்ற எண்ணம் மெல்ல ஊன்றியது.

உண்மையும் அதுதான். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் ஓடக்கூடிய நாய், நாளில் பெரும்பகுதி தூங்குகிறது. அதன் ஓட்டம் அரை நிமிடத்தில் முடிந்துவிடுவது. மணிக்கணக்கில் அலையும் மேய்ச்சல் நாயின் சுபாவம் அதற்கில்லை. காலையும் மாலையும் அரை மணி நடை போதும். குரைப்பது குறைவு. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெரிய நாய் கிடைப்பது அரிது. ஆனாலும் பல தத்தெடுப்புக் குழுக்கள் இன்றும் வேலியிட்ட தோட்டம் இருந்தால்தான் விண்ணப்பத்தைப் பார்ப்பேன் என்கின்றன. நாயைத் தவறவிடக் கூடாது என்ற பயத்தில் போட்ட விதி, புரிகிறது. ஆனால் நடக்கக் கூட்டிப்போகும் பழக்கமுள்ள மாடிவீட்டுக்காரரைத் தள்ளிவிட்டு, நாயைத் தோட்டத்தில் விட்டுக் கதவைச் சாத்தும் தனிவீட்டுக்காரரைச் சேர்த்துக்கொள்ளும் விதி அது. நாய்க்கு இதில் ஒரு லாபமும் இல்லை.

இந்த நாயின் உடல் மற்ற நாய்களிலிருந்து வேறுபடும் விதம் தனியாகச் சொல்லத்தக்கது. தத்தெடுக்கும் வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்துத் தெருக் கால்நடை மருத்துவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கிரேஹவுண்டின் இரத்தத்தில் சிவப்பணு விகிதம் மிக அதிகம், தட்டணுக்கள் குறைவு, தைராய்டு சுரப்பும் குறைவு, கிரியாட்டினின் கூடுதல். இவை எல்லாம் இந்த இனத்தின் இயல்பு. வழக்கமான அளவுகோலை வைத்துப் பார்க்கும் மருத்துவர், ஆரோக்கியமான நாய்க்குத் தைராய்டு மாத்திரை எழுதிவிடுவார். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று வீட்டாரைப் பயமுறுத்துவார். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கியர்மோ கூட்டோ என்ற மருத்துவர் ஆண்டுக்கணக்கில் இந்த இனத்துக்கான இயல்பு அளவுகளைத் திரட்டியதற்குக் காரணம் இந்தக் குழப்பம்தான்.

மயக்க மருந்து இன்னும் நுட்பமான விஷயம். உடலில் கொழுப்பு சொற்பம். சில மருந்துகளை ஈரல் உடைக்கும் வேகமும் குறைவு. தயோபென்டால் வகை மருந்து கொடுத்தால் சாதாரண நாய் எழுந்து நடமாடும் நேரத்தில் கிரேஹவுண்ட் இன்னும் மயங்கிக் கிடக்கும், ஆபத்தாகவும் முடியலாம். இன்று மாற்று மருந்துகள் உள்ளன, கேட்டு உறுதிசெய்துகொண்டால் போதும். அறுவை முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்து இரத்தக் கசிவு வருவதும் இந்த இனத்தில் அதிகம். பெரிய பயம் எலும்புப் புற்றுநோய். நடுவயது தாண்டிய கிரேஹவுண்ட் காரணமில்லாமல் நொண்டினால், சுளுக்கு என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். நொண்டலுக்கு மற்றொரு காரணம் பாதத்து ஆணி; மனிதருக்கு வருவதுபோலவே காலில் ஆணி விழும் இனம் இது. பந்தயக் கூடத்தில் கூழுணவு தின்று வளர்ந்ததால் பற்கள் கெட்டிருக்கும். தத்துக்கொடுக்கும் முன் கருத்தடை அறுவையோடு பல்லையும் சுத்தம் செய்துவிடுவது வழக்கம்.

மற்ற நாய்கள் பலவற்றுக்கும் ஒத்துப்போகும் இரத்த வகை இந்த இனத்தில் நிறைய என்பதால் இரத்ததானத்துக்கும் இவற்றைத் தேடுகிறார்கள். வீட்டில் வளரும் நாய் ஆண்டுக்குச் சிலமுறை கொடுப்பதில் தவறில்லை. 2017இல் டெக்சாஸில் ஓர் இரத்த வங்கி 150 அளவுக்கு ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட்களை மோசமான நிலையில் அடைத்து வைத்து இரத்தம் எடுத்துவந்தது வெளியானது. ஓய்வு என்ற பெயரில் இன்னொரு தொழிலுக்குக் கைமாறியிருந்தன அந்த நாய்கள்.

உடலாவது சோதனைக்கூடத் தாளில் தெரிந்துவிடும். மனம் தெரியாது, இடைக்கால வளர்ப்பு தேவைப்படுவது இங்கேதான். பயிற்சியாளரிடம் கேட்டால் நாயின் எடை, பந்தய நேரம், வளைவில் உள்பக்கம் போகுமா வெளிப்பக்கம் போகுமா என்பது வரை சொல்வார். அமெரிக்க நாயின் காதில் பச்சை குத்தியிருப்பார்கள்: வலது காதில் பிறந்த மாதமும் ஆண்டும் ஈற்றில் எத்தனையாவது குட்டி என்பதும், இடது காதில் அந்த ஈற்றின் பதிவெண். ஓட்டத்தைப் பற்றி இவ்வளவு துல்லியம். வீட்டில் நான்கு மணி நேரம் தனியாக இருக்குமா, பூனையைக் கண்டால் என்ன செய்யும், தூக்கத்தில் தொட்டால் உறுமுமா என்று கேட்டால் பதில் இருக்காது. பயிற்சியாளர் மறைக்கிறார் என்று பொருளல்ல. அவருடைய கூடத்தில் அந்தக் கேள்விகள் எழுந்ததே இல்லை.

பந்தயக் கூடத்தில் வளர்ந்த நாய்க்கு வீட்டில் எது புதிது என்று யோசித்தால் எல்லாமே புதிது. மாடிப்படி ஏறத் தெரியாது. முன்காலை ஒருவர், பின்காலை இன்னொருவர் எடுத்துவைத்து ஒவ்வொரு படியாகக் கற்றுத்தர வேண்டும். கண்ணாடிக் கதவு இருப்பது தெரியாமல் போய் மோதும். அதனால் முதல் வாரம் கண்ணாடியில் காகிதப் பட்டை ஒட்டிவைப்பார்கள். வழவழப்பான தரையில் கால் பரப்பி நின்றுவிடும். குக்கர் விசில், தொலைக்காட்சி, நிலைக்கண்ணாடியில் தெரியும் இன்னொரு நாய் எல்லாவற்றுக்கும் திடுக்கிடும். சமையல் மேடை அதன் மூக்குக்குச் சரியான உயரம் என்பதால் ஆறவைத்த கறி காணாமல் போகும். சில நாய்கள் முதல்முறையாக ஒரு பொம்மையைக் கண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அதைத் தம் படுக்கைக்கு எடுத்துப்போய்ச் சேர்த்துவைக்கும். வீட்டுக்குள் அசுத்தம் செய்யும் தொல்லை மட்டும் பெரும்பாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். நேரம் வைத்து வெளியே விடும் பழக்கமும், படுக்கும் இடத்தை அழுக்காக்காத குணமும் ஏற்கெனவே உண்டு.

இவை சிரித்துக்கொண்டே சமாளிக்கக்கூடியவை. கடினமானவை இரண்டு. ஒன்று தூக்கம். கூடத்தில் ஒவ்வொரு நாயும் தனிக் கூண்டில் தூங்கும். தூங்கும் நாயை யாரும் தொட்டதில்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் பழக்கமும் கிரேஹவுண்டுக்கு உண்டு. விழித்திருக்கிறது என்று நினைத்துக் குழந்தை போய்க் கட்டிப்பிடித்தால், அலறி எழுந்து வாயை வைத்துவிடும். கெட்ட நாய் என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பப்படும் நாய்களில் பலவற்றின் கதை இவ்வளவுதான். படுக்கையில் இருக்கும் நாயின் பக்கம் போகாதே, பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பு என்ற ஒரே விதியை வீடு கடைப்பிடித்தால் இது நேராது.

இரண்டாவது தனிமை. அமைதியான நாய் என்று கேள்விப்பட்டு, காலை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு மாலை ஆறு மணிக்கு வரும் தம்பதியர் இதை எடுத்துப்போகிறார்கள். பிறந்தது முதல் அந்த நாய் தனியாக இருந்ததே இல்லை. முதலில் தாயோடும் பிறகு உடன்பிறந்தவற்றோடுமாக ஓராண்டு, பிறகு சுற்றிலும் ஐம்பது அறுபது நாய்களின் மூச்சுச் சத்தம். திடீரென்று நிசப்தமான வீடு. கதவைப் பிறாண்டும், ஊளையிடும், ஓயாமல் எச்சில் வடிக்கும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி என்று படிப்படியாகப் பழக்க வேண்டும். அதற்கு வீட்டில் ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். இன்னொரு நாய் இருந்தால் மட்டுமே அமைதியாக இருக்கும் நாய்களும் உண்டு. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நாய், வீட்டார், அமைப்பு என மூன்று தரப்புக்கும் நல்லது.

இடைக்கால வளர்ப்பாளர் இந்த வேலையைத்தான் செய்கிறார். தீவனச் செலவையும் மருத்துவச் செலவையும் பெரும்பாலும் அமைப்பு ஏற்கும். வீடும் நேரமும் இவருடையவை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் காத்திருப்பு அறை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இந்த வீட்டில்தான் அந்த நாய் யார் என்பது முதன்முதலாகத் தெரியவருகிறது. மூன்று நாளில் பயம் தெளியும், மூன்று வாரத்தில் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் வீட்டு நாயாகும் என்று ஒரு வாய்பாடு தத்தெடுப்பு வட்டாரத்தில் சொல்லப்படுகிறது. வாய்பாடு ஆறுதலுக்கு உதவும். நாய்கள் அதைப் படித்ததில்லை. ஒரு வாரத்தில் சோபாவைப் பிடித்துக்கொள்ளும் நாயும் உண்டு, ஓராண்டு கழித்துத்தான் வாலாட்டும் நாயும் உண்டு. இரண்டில் இது எந்த ரகம் என்று இடைக்கால வீடு எழுதித்தரும் ஒரு பக்கக் குறிப்பு, நாயோடு போகும் அத்தனை சான்றிதழ்களையும்விட மதிப்புள்ளது. அதில் இப்படி இருக்கும்: வாய்க்கூடு மாட்டி, கயிற்றில் பிடித்துப் பூனையின் எதிரே நிறுத்திப் பார்த்தோம், முகம் திருப்பிக்கொண்டது. சின்ன வெள்ளை நாயைக் கண்டால் உடல் விறைக்கிறது. வாகனச் சத்தம் பழகிவிட்டது, இடிக்கு மட்டும் நடுங்குகிறது. இந்தக் குறிப்பு கையில் இருந்தால் பொருத்தம் பார்ப்பது எளிது. இல்லாவிட்டால் தத்தெடுப்பு குருட்டு யோகம்.

பிரிட்டனில் தத்தெடுப்பு பெரும்பாலும் அறக்கட்டளைக் கிளைகளின் நாய்க்கூடங்களிலிருந்து நடக்கிறது. அமெரிக்கச் சிறு குழுக்கள், கூடம் கட்டப் பணமில்லாததால், வீடுகளையே நம்பின. பணமின்மை இவர்களுக்கு நன்மையாய் முடிந்தது என்பது என் கணிப்பு. கூடத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போகும் நாயைப் பற்றி வீட்டார் கண்டுபிடிப்பதெல்லாம் அதிர்ச்சியாகவே இருக்கும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சில சிறைகளில் கைதிகளே இடைக்கால வளர்ப்பாளர்களாக இருக்கிறார்கள். நாள் முழுக்க ஆள் உண்டு, வேறு அவசரம் இல்லை. நாய்க்கு இதைவிட நல்ல பள்ளி எது?

ஆனாலும் பல இடங்களில் தத்தெடுப்பவர்களைவிட இடைக்கால வளர்ப்பாளர்களுக்குத்தான் பஞ்சம். வாடகை வீட்டில் அனுமதி இல்லை, ஏற்கெனவே பூனை இருக்கிறது என்பவை ஒருபுறம். மறுபுறம், பழக்கி, படியேறக் கற்றுத்தந்து, தன் பின்னாலேயே சுற்றும் நிலைக்குக் கொண்டுவந்தபின் இன்னொருவரின் காரில் ஏற்றிவிடுவது எளிதல்ல. முதல் நாயையே வைத்துக்கொண்டுவிடுபவர்கள் நிறைய. அதில் யாரைக் குறை சொல்வது? ஒரு நாய்க்கு வீடு கிடைத்தது, அடுத்த பத்து நாய்களுக்கான இடம் போயிற்று.

தத்தெடுக்க வருபவர்களிடம் இரண்டு விதிகளில் தளர்வே கூடாது. முதலாவது, வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்கக் கூடாது என்பது. எவ்வளவு பழகிய நாயானாலும், தூரத்தில் ஒரு அணில் ஓடினால் கூப்பிடும் குரல் அதன் காதில் விழாது. நீங்கள் இரண்டாம் முறை கூப்பிடுவதற்குள் அது நெடுஞ்சாலையில் இருக்கும். இரண்டாவது, கழுத்துப்பட்டை. இதன் கழுத்து தலையைவிடப் பருமன் என்பதால் சாதாரணப் பட்டை நழுவிவிடும். இழுத்தால் இறுகும் அகலப்பட்டைதான் வேண்டும். வாய்க்கூடு பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வளர்ப்புக் கிரேஹவுண்ட்கள் பொது இடத்தில் வாய்க்கூடு அணிய வேண்டும் என்ற சட்டம் 2019 ஜனவரி முதல் நீங்கியது. கயிறு கட்டாயம் என்பது மட்டும் நீடிக்கிறது. வாய்க்கூடு மாட்டிய நாயைப் பார்த்துத் தெரு ஒதுங்கும்போது, அதைத் தத்தெடுக்க யாருக்குத் தோன்றும்?

ஸ்பெயினின் கல்கோ நாய்களின் நிலை வேறு. கிரேஹவுண்டின் உறவு இனம். திடலில் அல்ல, வயலில் முயல் வேட்டைக்கு. பிப்ரவரியில் வேட்டைக்காலம் முடிந்ததும் வேகம் குறைந்தவை கைவிடப்படுகின்றன. மரத்தில் தூக்கிலிட்டுக் கொல்லும் கொடுமையும் பதிவாகியுள்ளது. 2023இல் ஸ்பெயின் விலங்குநலச் சட்டம் இயற்றியது. ஆனால் வேட்டை நாய்களை அதிலிருந்து விலக்கிவிட்டது. யாருக்குப் பாதுகாப்பு மிகத் தேவையோ அவர்களைத் தவிர மற்ற அனைவருக்கும் பாதுகாப்பு! ஆகவே கல்கோக்கள் ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன் என்று வேன்களில் எல்லை தாண்டிக்கொண்டே இருக்கின்றன.

தத்தெடுப்பு இயக்கத்துக்குள்ளேயே தீராத ஒரு சண்டை உண்டு. பந்தயத்தை எதிர்த்துப் பேசலாமா கூடாதா? பேசினால் பயிற்சியாளர் நாயைத் தரமாட்டார். பேசாவிட்டால், ஆண்டுதோறும் புதிய நாய்கள் வந்துகொண்டே இருக்கும் குழாயைத் திறந்துவிட்டு வாளியில் அள்ளுவதுபோல் ஆகிவிடும். அமெரிக்கக் குழுக்களில் பல, பந்தயத்தைப் பற்றி எங்களுக்குக் கருத்தில்லை என்று அறிவித்துவிட்டே வேலை செய்தன. கோழைத்தனம் என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். நாளைக்கு லாரியில் பன்னிரண்டு நாய் வருகிறது என்ற நிலையில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

தொழில் தரும் புள்ளிவிவரங்களை எப்படிப் படிப்பது என்பதும் இந்தச் சண்டையின் பகுதி. பிரிட்டனின் பந்தய வாரியம் 2018 முதல் எண்களை வெளியிடுகிறது. சிகிச்சைச் செலவு அதிகம் என்பதற்காகக் கொல்லப்பட்ட நாய்கள் 2018இல் 175. இப்போது ஒற்றை இலக்கம். உண்மையான முன்னேற்றம், மறுக்கக் கூடாது. 2020இல் 400 பவுன் ஓய்வு வைப்புத்தொகைத் திட்டமும் வந்தது: நாய் பதிவாகும்போதே பாதியை உரிமையாளரும் பாதியை வாரியமும் வைக்க வேண்டும், நாய் ஓய்வுபெறும்போது அந்தத் தொகை தத்தெடுப்பு அமைப்புக்குப் போகும். பொறுப்பை முன்கூட்டியே பணமாக வைக்கச் சொன்ன வகையில் இது சரியான திசை. ஆனால் அதே வாரியத்தின் கணக்கில் 2024இல் மட்டும் 3,809 காயங்கள், திடலிலேயே இறந்த நாய்கள் 123. கணக்கு தொடங்குவதும் நாய் பந்தயத்துக்குப் பதிவான நாளிலிருந்துதான். பிரிட்டனில் ஓடும் நாய்களில் பெரும்பாலானவை அயர்லாந்தில் பிறந்தவை. பதிவுக்கு வராமலே கழிக்கப்பட்ட குட்டிகள் எந்த நாட்டின் ஏட்டிலும் நிற்பதில்லை.

பந்தயத்தை மூடினால் ஆயிரக்கணக்கான நாய்கள் அநாதையாகும் என்பது தொழில்தரப்பின் நெடுநாள் வாதம். ஃபுளோரிடா இதற்கு ஒரு சோதனையாக அமைந்தது. 2018 நவம்பரில் அந்த மாநில வாக்காளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் தடைக்கு வாக்களித்தார்கள். அவகாசம் 2020 இறுதிவரை. திடல்கள் ஒவ்வொன்றாக மூடின, நாய்கள் வடக்கே வேன்களில் போயின, தத்தெடுக்கக் காத்திருந்தவர்களின் வரிசை நாய்களைவிட நீண்டிருந்தது. 2022க்குப் பின் அமெரிக்காவில் எஞ்சியவை மேற்கு வர்ஜீனியாவின் இரண்டு திடல்கள் மட்டுமே. அமெரிக்கக் குழுக்கள் சில இப்போது அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நாய்களைத் தருவிக்கின்றன. மக்காவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் உள்ள வித்தியாசம், அவகாசத்தைப் பயன்படுத்திய விதம். நியூசிலாந்து அரசும் 2024 டிசம்பரில் தடையை அறிவித்தபோது, சுமார் 2,900 நாய்களுக்கு வீடு தேட வேண்டும் என்று கணக்கிட்டு இருபது மாத கால இடைவெளி வைத்தது.

நாய்களைத் தருவிப்பதிலும் சிக்கல் உண்டு. உள்ளூரில் வீடு போதாத தொழில், வெளிநாட்டுத் தத்தெடுப்பை வடிகாலாகக் கொள்ளத் தொடங்கினால் இனப்பெருக்கத்தைக் குறைக்கும் கட்டாயம் நீங்கிவிடும். நியூ சவுத் வேல்ஸின் பந்தய அமைப்பு அமெரிக்காவுக்கு நாய்களை அனுப்பியதை, அதன் தலைமைக் கால்நடை மருத்துவராக இருந்தவரே 2024இல் மற்றக் குறைகளோடு சேர்த்து எழுத்தில் கண்டித்தார். தலைமை நிர்வாகி பதவி விலகினார், அரசு விசாரணை வைத்தது.

நமக்கும் இதில் ஒரு சிறு பாடம் இருக்கிறது. சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் ஆகியவையும் ஓட்டத்துக்கும் வேட்டைக்கும் உருவான இனங்கள்தான். 1972 வனவிலங்குச் சட்டத்தின்படி இன்று முயல் வேட்டை குற்றம். நாய்க்கு வேலை போயிற்று, பெருமை மட்டும் நின்றது. 2020இல் பிரதமர் வானொலி உரையில் இந்த இனங்களின் பேரைச் சொன்னதும் குட்டிகளின் கிராக்கி கூடியது. நாட்டு இனம் என்ற பெருமையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாங்கப்பட்ட குட்டி, ஓராண்டில் மதில் தாண்டக் கற்றுக்கொள்கிறது. பிறகு நகரத்து மீட்பு அமைப்புகளின் வாசலில் நிற்கிறது. இவை கிரேஹவுண்ட்போல் கூடத்தில் வளர்ந்தவை அல்ல. காவல் குணம் அதிகம், புது ஆளை எளிதில் ஏற்காது. இதனாலேயே இடைக்கால வீட்டின் தேவை இங்கே இன்னும் அதிகம். குட்டியை விற்பவர் யாரும் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று எழுதித்தருவதில்லை. அந்த ஒரு நிபந்தனையையாவது வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கலாம்.

தத்தெடுப்பு என்பது பந்தயத் தொழிலின் ஊதியமில்லாத கடைசிப் பிரிவாக இத்தனை ஆண்டும் நடந்துவந்திருக்கிறது. ஒரு குட்டி பதிவாகும்போதே அதன் பதின்மூன்று ஆண்டுக்கும் பொறுப்பேற்கச் சொல்லாத எந்தச் சீர்திருத்தமும் அரைகுறைதான். 400 பவுன் அளவிலான வைப்புத்தொகை ஓர் எலும்பு முறிவு அறுவைக்குக்கூடப் போதாது.

மெல்பர்னிலோ சிட்னியிலோ இலண்டனிலோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் நாய் வளர்க்கும் யோசனை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. குட்டி வாங்க முன்பணம் கட்டுவதற்கு முன், பக்கத்திலுள்ள கிரேஹவுண்ட் அமைப்பில் ஆறு வார இடைக்கால வளர்ப்புக்குப் பெயர் கொடுங்கள். நாய் ஒத்துவராவிட்டால் அமைப்பு திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்குள் நீங்கள் எழுதித்தரும் குறிப்பு அதன் அடுத்த வீட்டை முடிவு செய்யும். விண்ணப்பத்தில் வீட்டின் பரப்பளவைவிட, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்ற கேள்விக்கு உண்மையான பதில் எழுதுங்கள்.